கையில் கட்டிய பட்டி: வில்லியம் ஹார்வியும் எங்கட பிரஷரும்

போன வருசம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை. என்னுடைய அத்தான் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தவர், சொல் வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. கோப்பை வலது கையிலிருந்து நழுவிக் காப்பெட்டில் விழுந்தது. அக்கா முதலில் எனக்குத்தான் போன் எடுத்தா. நான் என்ன சொன்னேன் தெரியுமோ? இரவு முழுக்கக் கடையில் நின்ற களைப்பாக இருக்கும், கொஞ்சம் படுக்க விடுங்கோ, நான் கடையைப் பூட்டிப்போட்டு வாறன் என்று சொன்னேன். நான் போய்ச் சேர இரண்டு மணித்தியாலம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அம்புலன்சுக்கு அடித்தோம்.

அத்தான் உயிரோடு இருக்கிறார். ஆனால் வலது கை முழுதாக வரவில்லை. பேச்சு பாதிதான் வந்தது. வைத்தியசாலையில் அவர் பிரஷர் குளிசை போடுகிறவரோ என்று கேட்டார்கள். அக்கா வீட்டுக்குப் போய் லாச்சியைத் திறந்து பார்த்தால் மூன்று பெட்டி உடைக்காமல் கிடக்கிறது. தனக்கு ஒன்றும் செய்யவில்லையே, பிறகு ஏன் குளிசை என்பதுதான் அவருடைய எண்ணம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எனக்கும் அதற்கு ஒரு வருசத்துக்கு முன்னமே பிரஷர் கூட என்று சொல்லி, திரும்ப வரச் சொன்னவர்கள். எனக்கும் ஒன்றும் செய்யவில்லை. அதனால் நானும் போகவில்லை.

அத்தானுக்குப் பக்கத்தில் இருந்த அந்த நாட்களில்தான் நான் ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன். மகள் உயிரியல் படிக்கிறாள். அப்பா, நீங்கள் இறைச்சி வாங்கப் போகிற இடத்துக்குப் பக்கத்திலதான் அந்த ஆள் வேலை செய்தவர் என்று சொல்லி ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தாள். அந்த ஆள் வில்லியம் ஹார்வி. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானப் பாடத்தில் குருதிச் சுற்றோட்டத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு எழுதி ஒரு புள்ளி எடுத்த பெயர். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

எங்கட கடைக்கு இறைச்சி எடுக்க லண்டன் ஸ்மித்பீல்ட் சந்தைக்கு விடியப்புறம் 3 மணிக்குப் போவது பதினைந்து வருசமாக என் வேலை. சந்தைக்குப் பக்கத்தில் சென்ற் பார்த்தலோமியு வைத்தியசாலை இருக்கிறது. 1123 இல் தொடங்கியது, இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறது. அதன் மதிலோரம் எத்தனை தரம் வானை நிறுத்தியிருப்பேன்! உள்ளே 400 வருசத்துக்கு முன் ஒருவர் இருந்து, என் நெஞ்சுக்குள் இருக்கிற பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று முதன்முதலாகச் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

ஹார்வி பிறந்தது 1578 ஏப்ரல் 1 ஆம் திகதி, போக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில். கடலடிச் சுரங்கத்தால் கார் ஏற்றிக்கொண்டு பாரிசுக்குப் போகிற எங்கட ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த ஊர்தான். தகப்பன் வசதியான வியாபாரி, பிறகு ஊருக்கு மேயராகவும் இருந்தவர். ஒன்பது பிள்ளைகளில் இவர் மூத்தவர். தம்பிமாரில் பலர் லண்டனில் பெரிய வியாபாரிகளானார்கள். மூத்தவர் மட்டும் வைத்தியம் படிக்கப் போனார்.

கன்ரபரியில் பள்ளிக்கூடம், 15 வயதில் கேம்பிரிட்ஜ், அதற்குப் பிறகு இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் வைத்தியம் படிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஹார்வி அங்கே இருந்த காலத்தில் கணிதம் படிப்பித்தவர் கலிலியோ. உடற்கூறு படிப்பித்தவர் பப்ரீசியஸ். இறந்த உடலை நடுவில் மேசையில் வைத்து வெட்டிக் காட்ட, சுற்றிவர மரத்தால் கட்டிய அடுக்குகளில் மாணவர்கள் நின்றுகொண்டு எட்டிப் பார்ப்பார்கள்.

நாளங்களுக்குள்ளே சின்னச் சின்னக் கதவுகள் போல வால்வுகள் இருப்பதைப் பப்ரீசியஸ் காட்டினார். அவை எதற்கு என்று கேட்டால், குருதி எல்லாம் ஒரேயடியாகக் கைகாலுக்கு இறங்கிவிடாமல் அதன் வேகத்தைக் குறைக்கத்தான் என்று அவர் விளக்கம் சொன்னார். கதவைக் கண்டவர் அது எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை யோசிக்கவில்லை. அந்தக் கேள்வி பின்வரிசையில் நின்ற கட்டையான, கறுத்த தலைமயிர் உள்ள இங்கிலாந்துப் பெடியனிடம் தங்கிவிட்டது. 1602 இல் பட்டம் வாங்கிக்கொண்டு ஹார்வி லண்டனுக்குத் திரும்பினார்.

அப்போது வைத்தியர்கள் எதை நம்பினார்கள் என்பதை எங்கட ஊர்க் கணக்கில் சொல்லுகிறேன். ஊரில் கிணற்றிலிருந்து தண்ணியை இறைத்து வாய்க்காலில் விடுவோம். அது மிளகாய்ப் பாத்திக்குப் போகும், மண் குடித்துவிடும். இறைத்த தண்ணி வாய்க்காலால் திரும்பி வந்து கிணற்றுக்குள் விழுவதில்லை. 1,400 வருசத்துக்கு மேலாக, கிரேக்க வைத்தியர் காலன் எழுதி வைத்ததன்படி உடம்பிலும் இதேதான் நடக்கிறது என்று நம்பினார்கள். சாப்பாட்டிலிருந்து ஈரல் குருதியை உண்டாக்கும், நாளங்கள் அதை உடம்பெல்லாம் கொண்டுபோகும், உடம்பு அதைக் குடித்து முடித்துவிடும், ஈரல் திரும்பவும் புதிதாக உண்டாக்கும். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவற்றால் கொஞ்சம் குருதி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குக் கசியும் என்றும் சொன்னார்கள்.

இந்தச் சுவரில் துளை இல்லை, குருதி நுரையீரலைச் சுற்றித்தான் இடப்பக்கம் வருகிறது என்று 13 ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் இருந்த இப்னு அல் நபீஸ் என்ற வைத்தியர் எழுதிவிட்டார். பாதுவாவில் ஹார்விக்கு முன்பு படிப்பித்த கொலம்போவும் அதைச் சொன்னவர். ஆனால் முழு உடம்புக்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்க ஒருவரும் துணியவில்லை.

ஹார்வி 1604 இல் எலிசபெத் பிரவுண் என்ற பெண்ணைக் கலியாணம் கட்டினார். மாமனார் முதலாம் எலிசபெத் அரசியின் வைத்தியர்களில் ஒருவர். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி ஒரு கிளி வளர்த்தா. அது நன்றாகக் கதைப்பதால் ஆண் கிளி என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். அது செத்த பிறகு ஹார்வி வெட்டிப் பார்த்தால் வயிற்றுக்குள் ஒரு முட்டை! அவருடைய குணம் இதுதான். வீட்டுக் கிளியானாலும் சரி, உள்ளே திறந்து பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும்.

1609 இல் சென்ற் பார்த்தலோமியுவில் வைத்தியரானார். ஏழைகளுக்கான வைத்தியசாலை அது. வெளியே ஸ்மித்பீல்ட் சந்தையில் அந்த நாளில் மாடும் ஆடும் உயிரோடு விற்பனைக்கு நிற்கும். இறைச்சிக்காரர் மாட்டை அறுக்கும்போது நாடி வெட்டுப்பட்டால் கால் மணித்தியாலத்துக்குள் உள்ள குருதி முழுதும் கொட்டி முடிந்துவிடும் என்பது ஹார்விக்குத் தெரியும். தன் புத்தகத்திலும் இதை ஆதாரமாக எழுதினார். உடம்பில் உள்ள குருதி ஓர் அளவானது, எடுக்க எடுக்க வருகிற ஊற்று அல்ல என்பதற்கு அது நல்ல சாட்சி.

1616 இல் வைத்தியர் கல்லூரியில் விரிவுரை தொடங்கினார். சேக்ஸ்பியர் கண்ணை மூடிய அதே சித்திரை மாதம். அதற்குப் பிறகு 12 வருசம் அவர் ஓயாமல் பார்த்தார், தொட்டார், எண்ணினார். நாய், பாம்பு, தவளை, விலாங்கு மீன், இறால் என்று அகப்பட்ட உயிர்களையெல்லாம் உயிரோடு திறந்து பார்த்தார். இன்றைக்கு அதைப் படிக்க மனம் கூசுகிறது. ஆனால் அவருக்கு இருந்த சிக்கலும் விளங்குகிறது. நாயின் இதயம் கண் இமைக்கிற நேரத்தில் துடித்து முடிந்துவிடும். எது சுருங்கல், எது விரிதல் என்று பிரித்தறிய முடியாது. தவளையின் இதயமும் பாம்பின் இதயமும் மெல்ல மெல்லத் துடிக்கும். அவற்றைப் பார்த்துத்தான் ஒரு உண்மையைப் பிடித்தார். இதயம் வேலை செய்வது சுருங்கும்போது. கையை இறுக்கிப் பொத்துவது போலத் தசை இறுகிக் குருதியை வெளியே தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் மணிக்கட்டில் நாடித் துடிப்பாகத் தெரிகிறது.

பிறகு அவர் போட்ட கணக்கு இருக்கிறதே, அது கடைக் கணக்கு மாதிரித்தான், எனக்கே விளங்கியது. ஒரு துடிப்பில் இதயம் அரை அவுன்ஸ் குருதியை மட்டும் தள்ளுகிறது என்று வேண்டுமென்றே குறைத்து வைப்போம். அரை மணித்தியாலத்தில் 1,000 தரம் துடிக்கிறது என்றும் குறைத்தே வைப்போம். அப்படிப் பார்த்தாலும் அரை மணித்தியாலத்தில் 500 அவுன்ஸ். ஏறத்தாழ 15 கிலோ. ஒரு நாளைக்கு 700 கிலோவுக்கு மேல். இவ்வளவு குருதியை ஈரல் எந்தச் சாப்பாட்டிலிருந்து உண்டாக்கும்? எந்த மனிதன் ஒரு நாளில் அவ்வளவு சாப்பிடுவான்? வேறு வழியே இல்லை. போகிற அதே குருதிதான் திரும்பி வருகிறது. இறைத்த தண்ணி கிணற்றுக்குத் திரும்புகிறது.

உண்மையான கணக்கு ஹார்வி போட்டதைவிடப் பல மடங்கு பெரியது. ஓய்வாக இருக்கிற ஒருவரின் இதயம் ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் தள்ளும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 5 லீற்றர். உடம்பில் இருக்கிற மொத்தக் குருதியும் அந்த அளவுதான். அதாவது ஒரு நிமிடத்தில் எல்லாக் குருதியும் ஒரு சுற்று வந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு 7,000 லீற்றர், ஊரில் தண்ணி கொண்டுவருகிற ஒரு பெரிய பவுசர் நிறைய. துடிப்பு ஒரு லட்சம். வலப்பக்கம் நுரையீரலுக்கு அனுப்புகிறது, இடப்பக்கம் அங்கிருந்து வந்ததை உடம்புக்கு அனுப்புகிறது. பிறந்த நாளிலிருந்து இந்த மெசினுக்கு ஒரு நாள் லீவு இல்லை.

கணக்கு மட்டும் போதாது, கண்ணுக்குக் காட்ட வேண்டும். அதற்கு ஹார்வி எடுத்தது ஒரு துணிப் பட்டி. முழங்கைக்கு மேலே அதை நன்றாக இறுக்கிக் கட்டினால் கீழே நாடித் துடிப்பு நின்றுவிடும், கை வெளுத்துக் குளிர்ந்துபோகும். பட்டியைக் கொஞ்சம் தளர்த்தினால் உடனே கை சிவந்து வீங்கும், நாளங்கள் புடைத்து எழும்பும். ஏன்? நாடிகள் ஆழத்தில் இருப்பதால் அரைகுறைக் கட்டு அவற்றை அடைக்காது, குருதி உள்ளே வந்துவிடுகிறது. மேலாக இருக்கிற நாளங்கள் அடைபட்டதால் வந்த குருதி திரும்பிப் போக முடியவில்லை. அப்படியென்றால் நாடியால் வருகிறது, நாளத்தால் திரும்புகிறது. அந்தக் காலத்தில் குருதி எடுத்து விடுவதற்காக நாவிதர்கள் தினமும் இதே கட்டுத்தான் கட்டினார்கள். கட்டுக்குக் கீழே நாளம் வீங்குவதை எல்லோரும் கண்டார்கள். ஏன் கீழே வீங்குகிறது என்று கேட்டவர் இவர்தான்.

புடைத்த நாளத்தில் முடிச்சு முடிச்சாகத் தெரிவதுதான் வால்வு. ஒரு விரலால் நாளத்தை அமத்திக்கொண்டு, இன்னொரு விரலால் குருதியை மேலே, அடுத்த முடிச்சுக்கு அப்பால் வழித்துவிட்டால் நடுவில் நாளம் வெறுமையாகிவிடும். மேலே போனது கீழே திரும்பாது. கதவுகள் எல்லாம் இதயப் பக்கம்தான் திறக்கின்றன. தன் வாத்தியார் காட்டிய கதவுக்கு ஹார்வி அர்த்தம் கண்டுபிடித்தார். நாள் முழுக்கக் கடை கவுண்டரில் நிற்கிற எனக்குக் காலில் நரம்பு சுருண்டு கிடப்பதற்கும் இதுதான் காரணம் என்று இப்போது விளங்குகிறது. காலிலிருந்து குருதியை மேலே ஏற்ற இதயத்தின் தள்ளல் மட்டும் போதாது, கெண்டைக்கால் தசை அசைந்து பிழிந்து கொடுக்க வேண்டும். ஆணி அடித்தது போல நின்றால் குருதி கீழேயே தேங்கும், வால்வுகள் தளரும். நடப்பது இதயத்துக்குக் கூலியில்லாமல் ஒரு உதவியாளை வைப்பது மாதிரி.

1628 இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட்டில் அவருடைய புத்தகம் லத்தீனில் வெளிவந்தது. 72 பக்கம், அச்சுப்பிழை கொட்டிக் கிடந்தது. அரசர் முதலாம் சார்ல்சுக்கு அதைச் சமர்ப்பணம் செய்திருந்தார். வெளிவந்ததும் ஹார்விக்கு மாலை போடவில்லை. நோயாளிகள் குறைந்தார்கள். ஆளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஊர் கதைத்தது. பாரிசில் பெரிய பேராசிரியர் ரியோலான் எதிர்த்து எழுதினார். ஒரு ஓட்டை உண்மையாகவே இருந்தது. நாடியிலிருந்து குருதி நாளத்துக்கு எந்த வழியால் போகிறது என்று ஹார்வியால் காட்ட முடியவில்லை. அந்த வழி கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுக்கமானது. காணாத ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று கணக்கை நம்பிச் சொன்னார். சண்டைக்குப் போகாமல் 20 வருசம் பொறுத்திருந்து, 1649 இல்தான் ரியோலானுக்குப் பதில் எழுதினார்.

அந்தப் பதிலில் ஒரு சம்பவம் வருகிறது. இரவுகளில் நெஞ்சு அடைப்பது போல வேதனைப்பட்ட ஒரு கனவான் கடைசியில் இறந்துபோனார். ஹார்வி உடலைத் திறந்து பார்த்தபோது இதயத்தின் இடப்பக்கச் சுவர் விரல் நுழையக்கூடிய அளவு கிழிந்திருந்தது. குருதி வெளியே போக முடியாமல் தடைப்பட்டு, உள்ளே அழுத்தம் கூடிச் சுவர் வெடித்தது என்று அவர் நினைத்தார். அவர் சொன்ன காரணம் முழுதும் சரியா என்பது வேறு விசயம். குழாய் அடைபட்டால் பம்ப் பழுதாகும் என்ற எண்ணம் அன்றைக்கே அவருக்கு வந்துவிட்டது.

அரசர் சார்ல்ஸ் மட்டும் அவரைக் கைவிடவில்லை. அயர்லாந்துப் பிரபு ஒருவரின் மகனுக்குச் சின்ன வயதில் விழுந்து அடிபட்டு, இடப்பக்க நெஞ்சில் மூடாத ஒரு துவாரம் இருந்தது. 1641 இல் ஹார்வி அந்த இளைஞனை அரசரிடம் கூட்டிக்கொண்டு போனார். துவாரத்துக்குள்ளே துடிக்கிற இதயத்தை அரசர் தொட்டே பார்த்தார். தொட்டபோது அந்த இளைஞனுக்கு ஒரு உணர்வும் இல்லை. இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கையால் தொட்டாலே உணராத உறுப்பை வைத்துக்கொண்டு, எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று எந்த நம்பிக்கையில் சொன்னோம், நானும் அத்தானும்?

அடுத்த வருசம் உள்நாட்டுப் போர். 1642 இல் எட்ஜ்ஹில் சண்டையின்போது இரண்டு இளவரசர்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஹார்வியிடம். ஒரு வேலியோரம் இருந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாராம், பக்கத்தில் குண்டு வந்து விழுந்த பிறகுதான் எழும்பி இடம் மாறினாராம். அந்த வருசமே லண்டனில் அவருடைய இருப்பிடத்துக்குள் படையினர் புகுந்து எல்லாவற்றையும் சூறையாடினார்கள். பூச்சிகள் பற்றிப் பல வருசமாக எழுதி வைத்த குறிப்புகள் போய்விட்டன. தன் வாழ்க்கையில் பட்ட துன்பங்களுக்குள் அதுதான் பெரியது என்று கடைசிவரை சொல்லி வருந்தினார். வீடும் நூலகமும் எரிந்ததைக் கண்ட எங்களுக்கு அந்த வருத்தம் என்னவென்று ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1649 தை மாதம் அரசரின் தலையை வெட்டினார்கள். மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டா. வயதான ஹார்வி தம்பிமாரின் வீடுகளில் தங்கினார். தலை நன்றாக நரைத்துவிட்டது. லண்டனில் கோப்பிக்கடை வருமுன்பே அவரும் தம்பி இலையாபும் கோப்பி குடிக்கிற ஆட்கள். ஊளைச்சந்து மாதிரிக் காலை முடக்குகிற மூட்டுவாதம் வேறு. வலி வந்தால் பனிக்காலத்திலும் கூரைத் தளத்தில் இருந்துகொண்டு குளிர் தண்ணி வாளிக்குள் காலை வைத்திருப்பாராம். 1651 இல் முட்டையும் கருவும் பற்றி இன்னொரு பெரிய புத்தகம் வெளிவந்தது. அதற்குள் இளம் வைத்தியர்கள் அவருடைய சுற்றோட்டத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 1654 இல் வைத்தியர் கல்லூரி தலைவர் பதவியைக் கொடுக்க, வயது போய்விட்டது என்று வேண்டாமென்றார்.

1657 ஜூன் 3 ஆம் திகதி காலை. ஹார்விக்கு 79 வயது. எழும்பிக் கதைக்கப் பார்த்தார், நாக்கு வரவில்லை. பாரிசவாதம். தனக்கு என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. மருந்துக்காரரைக் கூப்பிட்டு, நாக்கில் கீறிக் குருதி எடுக்கும்படி சைகை காட்டினார். ஒரு பலனும் இல்லை. தம்பியின் பிள்ளைகளை அழைத்து, மணிக்கூட்டை ஒருவருக்கு, மற்றப் பொருட்களை மற்றவர்களுக்கு என்று கையால் எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கே போய்விட்டார். எசெக்சில் ஹெம்ப்ஸ்டெட் என்ற கிராமத்துத் தேவாலயத்தில் ஈயத்தால் பொதிந்த உடலை வைத்தார்கள்.

குருதி எப்படி ஓடுகிறது என்று உலகத்துக்குச் சொன்னவரை மூளைக்குப் போகிற குருதிதான் கொண்டுபோனது. அவருக்குப் பிரஷர் இருந்ததோ இல்லையோ, அறிய வழியில்லை. அளக்கும் கருவியே அப்போது இல்லை. நான்கு வருசம் கழித்து, 1661 இல் இத்தாலியில் மல்பீகி என்பவர் நுணுக்குக்காட்டியால் தவளையின் நுரையீரலைப் பார்த்தார். நாடியையும் நாளத்தையும் இணைக்கிற மயிர்க்குழாய்கள் அங்கே தெரிந்தன. ஹார்வி கணக்கில் கண்டதை மல்பீகி கண்ணால் கண்டார். அதைக் கேட்க ஹார்வி இல்லை.

ஹார்வி கட்டிய அந்தப் பட்டி மட்டும் சாகவில்லை. 1896 இல் இத்தாலிய வைத்தியர் ரிவா-ரொச்சி அதைக் காற்று ஊதுகிற பட்டியாக்கி, குருதி எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்று அளக்க வழி செய்தார். 1905 இல் ரஷ்ய வைத்தியர் கொரொட்கொவ், பட்டிக்குக் கீழே குழல் வைத்துக் கேட்டு மேல் எண், கீழ் எண் இரண்டையும் அறியும் முறையைச் சொன்னார். இன்றைக்கு டொக்டர் உங்கட கையில் சுற்றுகிற பட்டி இதுதான். மேல் எண் இதயம் சுருங்கித் தள்ளும்போது உள்ள அழுத்தம், கீழ் எண் அது ஆறுகிற நேரத்து அழுத்தம். 120க்கு 80 நல்லது. இங்கே டொக்டரிடம் அளக்கும்போது 140க்கு 90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் கவனிக்க வேண்டியது.

கூடின பிரஷர் என்ன செய்யும்? இறைக்கிற மெசினின் குழாயை யாரோ மிதித்துக்கொண்டு நிற்கிறான் என்று நினையுங்கோ. மெசின் உடனே நிற்காது. கூடுதலாக உழைக்கும். மாதம், வருசம் என்று ஓடும். ஒரு நாள் பலவீனமான இடத்தில் குழாய் வெடிக்கும், அல்லது உள்ளே படிந்த ஊத்தை அடைக்கும். அது மூளையில் நடந்தால் பாரிசவாதம், இதயத்துக்கே குருதி கொடுக்கிற குழாயில் நடந்தால் மாரடைப்பு. அதுவரை வலியில்லை, சத்தமில்லை.

புலம்பெயர்ந்த தெற்காசிய ஆட்களுக்கு இதய நோயும் சீனி வருத்தமும் மற்றவர்களைவிடக் கூட, அதுவும் இளம் வயதிலேயே வருகிறது. அதோடு எங்கட வாழ்க்கையையும் பாருங்கோ. இரவு வேலை, நித்திரைக் குறைவு, சாமம் 12 மணிக்குச் சோறு, கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய், பப்படம். உப்பு ஒரு நாளைக்கு எல்லாமாக 6 கிராம், ஒரு தேக்கரண்டி அளவுக்குள் இருக்க வேண்டும் என்று இங்கே சொல்கிறார்கள். ஒரு கருவாட்டுக் குழம்போடு எவ்வளவு போய்விடும் என்று நீங்களே யோசியுங்கோ. கிழமைக்கு 150 நிமிட வேக நடை, சிகரெட்டை விடுவது, ஆண்களுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றருக்குள், பெண்களுக்கு 80க்குள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், செய்கிறது குறைவு. குளிசை தந்தால் உடம்பு சுகமாக இருந்தாலும் போட வேண்டும். சுகமாக இருப்பதே குளிசையால்தான். நிறுத்துவதென்றால் டொக்டரைக் கேட்டு நிறுத்துங்கோ.

இங்கிலாந்தில் 40 வயது தாண்டினால் பல பார்மசிகளில் பிரஷரைக் காசில்லாமல் அளக்கலாம். கனடா, சுவிஸ், நோர்வே எங்கே இருந்தாலும் உங்கட குடும்ப டொக்டரிடம் அந்தப் பட்டி இருக்கிறது.

கடைசியாக, நான் பிழை விட்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், படுக்க விடாதீர்கள், தேத்தண்ணி ஊத்தாதீர்கள், மச்சானுக்குப் போன் எடுக்காதீர்கள். நேரே அம்புலன்சுக்கு அடியுங்கள். குருதி கட்டிபட்டு அடைத்திருந்தால் அதைக் கரைக்கிற மருந்தை வழக்கமாக நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். பிந்துகிற ஒவ்வொரு நிமிடமும் மூளையில் ஒரு பகுதி. ஹார்விக்கு அந்தக் காலமையில் நாக்கைக் கீறுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அத்தானுக்கு இருந்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தை எடுத்தது நான்.

நான் இப்போது குளிசை போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போகும்போது அளக்கிற கருவியைக் கொண்டுபோவேன். முதலில் அத்தானின் இடது கையில் பட்டியைச் சுற்றுவேன், பிறகு என் கையில். பட்டி இறுகி, பிறகு மெல்லத் தளரும். எண் வந்ததும் அத்தான் அதைத் தானே வாசித்துச் சொல்ல வேண்டும் என்று பேச்சுப் பயிற்சிப் பிள்ளை சொல்லியிருக்கிறா. நூற்றி... முப்பத்தி... என்று இழுத்து இழுத்து அவர் சொல்லி முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் பேசாமல் காத்திருப்போம். போன கிழமை முழுதாகச் சொல்லிவிட்டார்.